பெயரை மறந்த நதிநாகம்

டிராகன் என்னும் விலங்கைக் கண்ணாற் கண்டவர் எவருமில்லர். ஆயினும் அதன் உருவத்தைச் சொல்லும்படி கேட்டால் தயங்குவோரும் மிகச் சிலரே. செதிள் மூடிய நெடிய உடல், வளைந்த நகங்கள், அகன்ற வாய், அச்சந்தரும் கண்கள் என்று சிறுவரும் அடுக்கிச் சொல்லிவிடுவர். கிறித்தவ வேதத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் வலுசர்ப்பம் என வழங்குவதும் இதுவே. எல்லாரும் அறிந்துவிட்ட ஒன்றைப் புதிதாகப் படைக்க முயலும் கலைஞனுக்கு இதனால் ஒரு சங்கடம் உண்டாகின்றது. பழைய உருவத்தையே வரைந்தால் பார்ப்பவருக்கு அலுப்புத் தட்டும். முற்றிலும் மாற்றிவிட்டால் அது டிராகன் என்று ஒருவருக்கும் தோன்றாது. இந்த இக்கட்டில் அகப்பட்ட பலர், தலைகளின் தொகையைக் கூட்டியும், பற்களை நீட்டியும், நெருப்பைப் பெருக்கியும் புதுமை செய்ததாக அமைந்துவிடுவர்.

இவ்வழியிற் செல்லாது, இயற்கையையும் நாட்டுப்புற நம்பிக்கையையும் துணைக்கொண்டு முற்றிலும் புதியதொரு டிராகனைப் படைத்தவர் யப்பானியச் சித்திரப்பட இயக்குநர் ஹயாவோ மியசாக்கி. 2001ஆம் ஆண்டு யூலை 20ஆம் நாள் யப்பானில் வெளியான ‘சென் தோ சிஹிரோ நொ கமிககுஷி’ என்னும் படத்தில் வரும் ஹக்கு என்ற பாத்திரமே அது. அந்தப் பாத்திரம் எவ்வாறு உருப்பெற்றது, அதன் உள்ளே உறைந்துநிற்கும் துயரம் யாது என்பவற்றை ஆராய்வது, கதை சொல்லும் கலையில் ஈடுபாடுடைய எவருக்கும் பயன் தருவதாகும்.

முதலில் டிராகனின் குலமரபைச் சிறிது நோக்குதல் வேண்டும். ஐரோப்பியக் கதைகளில் வரும் டிராகன் பெரும்பாலும் நெருப்பைச் சார்ந்தது. குகையிற் புதையலைக் காத்துக் கிடப்பது, ஊரை எரிப்பது, ஈற்றில் ஒரு வீரனின் வாளுக்கோ ஈட்டிக்கோ இரையாவது. கீழைத்தேயத்து டிராகனோ நீரைச் சார்ந்தது. மேகத்தில் உலாவி மழை பொழிவிப்பதும், ஆற்றிலும் மடுவிலும் கடலடி மாளிகையிலும் வாழ்வதும் அதன் இயல்பு. சீன மரபில் அதற்கு ஒன்பது ஒப்புமைகள் கூறப்படுகின்றன. மானின் கொம்பு, ஒட்டகத்தின் தலை, பாம்பின் கழுத்து, கெண்டைமீனின் செதிள், கழுகின் நகம், புலியின் பாதம், எருதின் காது என்றவாறு அந்த வரிசை அமையும். கற்பனை விலங்கெனப்படும் இதன் உறுப்புகளிற் பெரும்பாலானவை உழவனும் மீனவனும் வேட்டுவனும் நேரிற் கண்ட பிராணிகளிடமிருந்து பெறப்பட்டவை என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும்.

இந்தக் குலமரபில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. பௌத்த நூல்கள் வடமொழியிலிருந்து சீனமொழிக்குப் பெயர்க்கப்பட்டபோது, நாகம் என்ற சொல்லுக்குச் சீனர் தமது டிராகனைக் குறிக்கும் சொல்லையே இட்டு வழங்கினர். இவ்வாறு வாசுகி, தட்சகன் முதலான எட்டு நாகராசர்கள் டிராகன் அரசர்களாகி, சீனத்தின் வழியே யப்பானையும் சென்றடைந்தனர். பாற்கடல் கடைந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கும், நயினாதீவின் நாக வழிபாட்டை அறிந்தவர்களுக்கும் யப்பானிய டிராகன் முற்றிலும் அந்நியமான பிராணி அன்று. ஆகவே அதனை நாகம் என்றே இனி வழங்குதல் பொருந்தும்.

யப்பானிய நாகத்துக்கு உறைவிடம் ஆறு. மலைகள் செறிந்த அந்நாட்டில் ஆறுகள் குறுகியவை, சரிவு மிக்கவை, மழை பெய்தால் ஒரே நாளிற் பெருகி வயல்களை வாரிச் செல்லுபவை. அத்தகைய ஆற்றை மலையிலிருந்து நோக்கினால் நெளிந்தோடும் பெரும்பாம்பு போலவே தோன்றும். சுவா ஏரியிற் பிறந்து 213 கிலோமீற்றர் ஓடிப் பசிபிக் கடலிற் கலக்கும் ஆற்றுக்குத் தென்ரியு என்று பெயர். வான்நாகம் என்பது அதன் பொருள்.

712ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ‘கொஜிக்கி’ என்னும் பழைய வரலாற்று நூலிலே எட்டுத் தலையும் எட்டு வாலும் உடைய ஒரு மாபெரும் பாம்பின் கதை உள்ளது. எட்டு மலைகளையும் எட்டுப் பள்ளத்தாக்குகளையும் மூடிக் கிடக்கும் அதன் உடல்மீது பாசியும் மரங்களும் வளர்ந்திருக்கும். இசுமோ நாட்டின் ஹீ ஆற்றங்கரையில் வாழ்ந்த முதிய தம்பதியரின் எட்டுப் புதல்வியருள் எழுவரை, ஆண்டுக்கு ஒருத்தியாக அது விழுங்கிவிட்டது. எஞ்சிய ஒருத்தியைக் காக்க வந்த சுசானோவோ என்னும் தேவன், எட்டுத் தாழிகளில் மதுவை நிரப்பி வைத்து, அதனைப் பருகி மயங்கிய பாம்பை வெட்டி வீழ்த்தினான். காப்பாற்றப்பட்ட அந்தப் பெண்ணின் பெயரில் நெல்வயலைக் குறிக்கும் சொல் அடங்கியிருக்கின்றது. ஆண்டுதோறும் பெருகி வயலை விழுங்கும் ஆறே அந்தப் பாம்பு என்று அறிஞர் பலர் விளக்கம் கூறுவர். மலைமீது மரங்களையும் பாசியையும் சுமந்துகொண்டு பள்ளத்தாக்குகளில் நெளிந்து கிடப்பது வேறு யாதாக இருக்கமுடியும்?

இவையன்றி, ஒவ்வொரு குளத்துக்கும் மடுவுக்கும் ‘நுஷி’ எனப்படும் ஓர் உரிமைத் தலைவன் உண்டென்பது யப்பானியக் கிராமத்தவரின் நம்பிக்கை. அது பெரும்பாலும் முதிர்ந்த பாம்பாகவோ, கெண்டையாகவோ, விலாங்காகவோ இருக்கும். அதற்குத் தீங்கு செய்தால் நீர்நிலை வற்றும் அல்லது பெருகி ஊரை அழிக்கும் என்று முதியோர் அஞ்சினர். நீருக்கு அதிபதியான நாகம் தீயை அடக்கும் என்ற எண்ணத்தால், மரத்தாலான பௌத்த ஆலயங்களின் விதானங்களில் அதனை வரைந்து வைத்தனர். கியோத்தோ நகரின் மியோஷின்ஜி ஆலயத்தில் கனோ தன்யு என்னும் ஓவியர் வரைந்த நாகம், மண்டபத்தில் எங்கு நின்றாலும் நம்மையே பார்ப்பதுபோலத் தோன்றும்.

இந்த மரபு முழுவதையும் சுவீகரித்துக்கொண்டவர் 1941இல் தோக்கியோவிற் பிறந்த மியசாக்கி. அவருடைய படத்தின் தலைப்பில் உள்ள ‘கமிககுஷி’ என்ற சொல்லே நாட்டுப்புற நம்பிக்கையிலிருந்து எடுக்கப்பட்டதாகும். திடீரென்று காணாமற்போகும் பிள்ளைகளைத் தெய்வங்கள் மறைத்துவிட்டன என்று சொல்லும் வழக்கை அது குறிக்கும். கதையின் தலைவி பத்து வயதுச் சிறுமி சிஹிரோ. பெற்றோருடன் வழி தவறித் தெய்வங்களின் உலகிலே புகுந்துவிடுகின்றாள். அங்கே படைத்திருந்த உணவை அனுமதியின்றி உண்ட பெற்றோர் பன்றிகளாகின்றனர். அவர்களை மீட்கும்பொருட்டு, தெய்வங்கள் வந்து நீராடும் ஒரு பெரிய விடுதியிலே அவள் வேலைக்கு அமர்கின்றாள். விடுதியின் தலைவி யுபாபா என்னும் சூனியக்காரி. வேலைக்கு வருவோரின் பெயரைப் பறித்துக்கொள்வதே அவள் அவர்களை அடிமைப்படுத்தும் வழி. சிஹிரோ என்று எழுதப்பட்ட எழுத்துக்களிற் சிலவற்றை உருவி எடுத்துவிட்டு, எஞ்சிய ஓர் எழுத்தைக்கொண்டு அவளுக்குச் சென் என்று பெயரிடுகின்றாள்.

அந்த விடுதியிலே சிஹிரோவுக்கு முதலிற் கைகொடுப்பவன் ஹக்கு என்னும் சிறுவன். சொந்தப் பெயரை மறந்துவிடாதே, மறந்தால் வீட்டுக்கு வழி தெரியாது என்று அவளை எச்சரிப்பவனும் அவனே. தன் சொந்தப் பெயரை அவன் ஏலவே இழந்துவிட்டவன். வியப்பு யாதெனில், தன் பெயரை மறந்த அவனுக்கு அவளுடைய பெயர் மட்டும் மறக்கவில்லை. அவன் வானிற் பறக்கும்போது வெண்ணிற நாகமாக மாறுகின்றான்.

இந்த நாகத்தின் புதுமை யாது? உருவத்தில் அது மரபை அதிகம் மீறவில்லை. கொம்புகளும் மீசையும் நெடிய உடலும் அதற்கு உண்டு, சிறகுகள் இல்லை. முகத்திலே மட்டும் ஓநாயின் சாயல் படிந்திருக்கின்றது. அதன் நிலைமையே அதைப் புதியதாக்குகின்றது. புதையலைக் காக்க வேண்டிய நாகம், தன் எசமானியின் கட்டளைப்படி அவளுடைய சகோதரி செனிபாவின் முத்திரையைத் திருடி வருகின்றது. வீரனை அச்சுறுத்த வேண்டிய நாகம், காகிதப் பறவைகளால் துரத்தப்பட்டு, வாயில் உதிரம் ஒழுகச் சிறுமியின் அறையிலே வந்து வீழ்கின்றது. மழையை ஏவும் நாகம், தான் யார் என்பதை அறியாது கிடக்கின்றது. வாளேந்தி அதனை வெல்ல எவரும் வேண்டியதில்லை. மருந்தூட்டி அதனைப் பிழைப்பிக்கவே ஒருவர் வேண்டும்.

நோயுற்று நோகும் நாகத்தை எவ்வாறு வரைவது? மரபு ஓவியங்கள் இதற்குத் துணை செய்யா. அவற்றில் நாகம் எப்போதும் கம்பீரமாகவே இருக்கும். இங்கேதான் மியசாக்கி இயற்கையை நாடினார். நாகம் மேலிருந்து கீழே விழும் காட்சியைத் தம் ஓவியர்களுக்கு விளக்கும்போது, மரக்கிளையிலிருந்து பாம்பு விழுவதுபோல விழவேண்டும் என்றார். சுவரைப் பற்றும் இடத்துக்குப் பல்லியையும், துடிக்கும் இடத்துக்கு வெட்டுப்பலகையில் வைத்த விலாங்கையும் எடுத்துக்காட்டினார். ஆனால் அவரைச் சூழ்ந்திருந்த இளம் ஓவியர்களோ மரத்திலிருந்து பாம்பு விழுவதைக் கண்டவர்கள் அல்லர். விலாங்கு வெட்டப்படுவதையும் அவர்கள் பார்த்ததில்லை.

அடுத்தது மருந்தூட்டும் காட்சி. சிறுமி தன் வலிமையெல்லாம் கூட்டி நாகத்தின் தாடைகளைப் பிளந்து, கைப்பான மருந்துருண்டையை உள்ளே திணிக்க வேண்டும். நோயுற்ற நாய்க்கு மருந்து கொடுப்பதுபோல வரையுங்கள் என்றார் மியசாக்கி. நாய் வளர்த்தவர் உண்டா என்று வினவியபோது விடை ஏமாற்றம் அளித்தது. ஆகவே ஓவியர்கள் ஒளிப்பதிவுக் கருவியுடன் மிருக வைத்தியரிடம் சென்றனர். வைத்தியர் நாயின் வாயைத் திறந்து காட்ட, ஈறு எவ்வாறு சுருங்குகின்றது, உதடு எவ்வாறு மடிகின்றது, தாடை எங்கே பலம் கொள்கின்றது என்று பார்த்துப் பதிந்துகொண்டு திரும்பினர். திரையில் அந்த நாகம் பல்லை இறுகக் கடித்துத் தலையை உதறும்போது பார்ப்பவர் நெஞ்சு பதைப்பது, நாம் எல்லாரும் அறிந்த ஒரு பிராணியின் வேதனை அங்கே மெய்யாகவே இருப்பதனாலாகும். விலங்குகளோடு கூடி வாழ்ந்த தலைமுறைக்குத் தானாகவே வந்த அறிவை, அடுத்த தலைமுறை மருத்துவமனைக்குச் சென்று தேடிப் பெறவேண்டியதாயிற்று. கற்பனை வறள்வதற்கு இது ஒரு முன்னறிகுறி என்ற கவலை அந்த மூத்த கலைஞரிடம் வெளிப்பட்டது.

அந்த மருந்துருண்டை எங்கிருந்து வந்தது என்பதும் சிந்திக்கத்தக்கது. கதையின் நடுவிலே ஒருநாள் மழையில், சகிக்கவொண்ணாத நாற்றத்துடன் சேற்றுக்குவியல் போன்ற தெய்வம் ஒன்று நீராட வருகின்றது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்க, அதனைக் குளிப்பாட்டும் வேலை சிஹிரோவின் தலையில் விழுகின்றது. அதன் விலாவில் முள்போல ஏதோ தைத்திருப்பதை அவள் கண்டுபிடிக்கின்றாள். கயிறு கட்டி விடுதியார் எல்லாரும் சேர்ந்து இழுக்கின்றனர். வெளியே வருவது ஒரு துவிச்சக்கரவண்டி. அதைத் தொடர்ந்து மனிதர் எறிந்த குப்பையெல்லாம் மலைபோலக் கொட்டுகின்றது. சேறு நீங்கியதும், முதியவர் ஒருவரின் முகமும் நாகத்தின் நீண்ட உடலும் கொண்ட நதித்தெய்வம் வாய்விட்டுச் சிரித்தபடி வானில் எழுந்து மறைகின்றது. போகுமுன் சிறுமியின் கையில் அது வைத்துச் சென்ற கொடையே அந்த உருண்டை.

இந்தக் காட்சி வெறுங் கற்பனையன்று. தமது வீட்டுக்கு அண்மையிலுள்ள ஆற்றைத் துப்புரவு செய்யும் பணியில் மியசாக்கி ஊராருடன் சேர்ந்து ஈடுபட்டவர். நீர்ப்பரப்புக்கு மேலே சில்லு மட்டும் தெரியக் கிடந்த துவிச்சக்கரவண்டி ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வெளியேற்றியதையும், பல்லாண்டுச் சேறு ஏறியிருந்ததால் அது மிகவும் பாரமாக இருந்ததையும், பின்னர் அந்த ஆற்றுக்கு மீன்கள் சிறிது சிறிதாக மீண்டும் வந்ததையும் அவர் செவ்வியொன்றிலே கூறியிருக்கின்றார். யப்பானின் நதித்தெய்வங்கள் இன்று இத்தகைய நலிந்த நிலையிலேதான் இருக்கின்றன என்பது அவர் கருத்து. அழுக்கேறிய ஓர் ஆற்றைக் கழுவியதனாற் கிடைத்த மருந்து, பெயரிழந்த இன்னோர் ஆற்றின் உயிரைக் காக்கின்றது. படத்தின் கதையமைப்பிலே இதைவிடச் செறிவான இணைப்பு வேறில்லை.

ஆம், ஹக்கு என்பவன் ஓர் ஆறு. கதையின் இறுதிப் பகுதியிலே நாகத்தின் முதுகில் அமர்ந்து பறந்துவரும்போது சிஹிரோவுக்குப் பழைய நினைவொன்று எழுகின்றது. மிகச் சிறு வயதிலே, நழுவிய சப்பாத்தை எடுக்க முயன்று அவள் ஓர் ஆற்றில் வீழ்ந்தாள். நீரோட்டம் அவளை அமிழ்த்திவிடாது ஆழமற்ற இடத்திற் கொண்டுசேர்த்தது. அந்த ஆற்றின் பெயர் கொஹக்கு. அந்தப் பெயரை அவள் சொன்ன கணத்திலே நாகத்தின் செதிள்களெல்லாம் வெள்ளித்துகள்போல உதிர்ந்து பறக்கின்றன. தன் முழுப்பெயர் நிகிஹயமி கொஹக்குநுஷி என்பது அவனுக்கு நினைவு வருகின்றது. பழந்தெய்வங்களின் பெயர்போன்று ஒலிக்கும் அந்த நெடும்பெயரின் ஈற்றில், குளத்தையும் மடுவையும் காக்கும் நுஷி என்ற சொல் நிற்பதைக் கவனித்தல் வேண்டும்.

ஆயின் அந்த ஆறு இப்போது இல்லை. அதனை மண்ணிட்டு மூடி, மேலே தொடர்மாடி வீடுகளைக் கட்டிவிட்டார்கள் என்று தாயார் சொன்னதையும் சிஹிரோ கூறிவிடுகின்றாள். அவன் ஏன் யுபாபாவிடம் வந்து அடிமையானான் என்பது பார்ப்பவருக்கு அப்பொழுது தெளிவாகின்றது. வாழ்ந்த இடத்தை இழந்தவன் பெயரையும் இழந்தான். பெயரை இழந்தவன் பிறர் ஏவும் திருட்டுக்கும் உடன்பட்டான்.

இதுவும் நடந்த வரலாற்றின் நிழலே. தோக்கியோ மாநகரத்திலே சிற்றாறுகள் பல 1964ஆம் ஆண்டின் ஒலிம்பிக் போட்டியை ஒட்டிய காலத்தில் மேலே மூடப்பட்டு, நிலத்தடிக் கால்வாய்களாக மாற்றப்பட்டன. ஷிபுயா என்னும் சன சந்தடி மிக்க பகுதியின் பெயரைத் தாங்கிய ஆற்றின் மேற்பகுதியும், அதன் கிளையான கொஹொனே என்ற ஓடையும் இவ்வாறு கண்ணுக்கு மறைந்தன. 1912இல் வெளிவந்த ஒரு பாடசாலைப் பாடல், வசந்தகாலத்துச் சிற்றோடை ஒன்றைப் பற்றியது. யப்பானியப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தது. அந்தப் பாடலுக்கு ஊற்றாக இருந்தது கொஹொனே ஓடையே என்பர். அங்கே இன்று நினைவுக்கல் ஒன்று நிற்கின்றது. ஓடை தெருவின் அடியில் இருக்கின்றது. பாடல் பிழைத்தது, பாடப்பட்டது புதைந்தது.

ஆறுகளை மூடியவர்களை எளிதிற் பழித்துவிடல் நியாயமன்று. பெருகிவந்த குடிசனங்களின் கழிவுநீர் அவற்றிற் கலந்து நாற்றம் தாங்கமுடியாததாயிற்று. மழைக்காலத்திலே வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. வீடும் வீதியும் இன்றியமையாதனவாக இருந்தன. அந்தத் தொடர்மாடி வீடுகளில் வாழ்வோரும் சிஹிரோவின் குடும்பம் போன்ற சாதாரண மக்களே. மியசாக்கியின் படமும் எவரையும் குற்றக் கூண்டில் ஏற்றவில்லை. மூடப்பட்ட ஆற்றுக்கு ஒரு முகத்தைக் கொடுத்து, அந்த முகத்தை ஒரு சிறுமியின் நண்பனாக்கி, நம்மெதிரே நிறுத்திவிடுகின்றது. புள்ளிவிபரங்களைக் கேட்டு அசையாத நெஞ்சு, நண்பனொருவனுக்குத் திரும்பிச் செல்ல வீடில்லை என்று கேட்டால் அசைகின்றது.

பெயரை மீட்ட பின்னர் ஹக்கு எங்கே செல்வான்? தானும் தன் உலகுக்குத் திரும்புவதாக அவன் சிஹிரோவுக்குச் சொல்கின்றான். அந்த உலகில் அவனுடைய நீரோட்டம் இல்லை என்பதைப் பார்ப்பவர் அறிவர். படம் இதற்கு விடை கூறாது முடிகின்றது. 2002இல் பெர்லின் திரைப்பட விழாவின் தங்கக் கரடி விருதையும், 2003இல் ஒஸ்கார் விருதையும் பெற்று உலகெங்கும் பாராட்டப்பட்ட இப்படத்திலே, பார்ப்பவர் உள்ளத்தில் நெடுநாள் தங்கிவிடுவது விடையில்லாத இந்தக் கேள்வியே.

புதிய பாத்திரங்களைப் படைக்க விரும்பும் எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் ஹக்குவின் வரலாறு ஒரு நெறியைக் காட்டுகின்றது. முன்னோர் ஓர் ஆற்றை ஏன் நாகமென்று அஞ்சிப் போற்றினர் என்று கேட்டறிதல் அதன் ஒரு பாதி. பல்லியும் பாம்பும் நாயும் எவ்வாறு அசைகின்றன என்று பொறுமையாக நோக்குதல் மறுபாதி. முதியோரின் கதை உயிரைத் தருகின்றது. கண்முன் வாழும் பிராணி உடலைத் தருகின்றது. இரண்டும் கூடிய இடத்திலேதான் எவரும் காணாத விலங்கொன்று எல்லாரும் நம்பும் விலங்காகின்றது.

ஆதலால், ஓர் ஓடை மூடப்படும்போது தண்ணீர் மாத்திரம் மறைவதில்லை. அதன் கரையிலே பிள்ளைகள் பார்த்திருக்கக்கூடிய விலாங்கும் நீர்ப்பாம்பும் மறைகின்றன. அதைப்பற்றிப் பாட்டிமார் சொல்லியிருக்கக்கூடிய கதையும் மறைகின்றது. நாளை ஒரு கலைஞன் வரைந்திருக்கக்கூடிய நாகமும் பிறவாமலே போகின்றது. கொஹக்கு நதியைக் காப்பாற்றச் சிஹிரோவால் இயலவில்லை. அவளால் இயன்றது அதன் பெயரை நினைவில் வைத்திருந்து, வேண்டிய வேளையிலே உரக்கச் சொன்னது ஒன்றே. அந்தச் சிறு செயல் ஓர் அடிமையை விடுவித்தது. தத்தம் ஊரின் வாய்க்காலுக்கும் குளத்துக்கும் முன்னோர் இட்ட பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது பெரியோர் அனைவராலும் இன்றே செய்யக்கூடிய பணியாகும்.